தோல் ஜமால் எழுதாமல் விட்ட வரி

லப்பைக்குடிக்காட்டில் அந்தக் காலத்தில் ஜமால் முகமது என்ற பெயரில் நான்கு பேர் இருந்தார்கள். பினாங்கு ஜமால், மளிகை ஜமால், ஆற்றங்கரை ஜமால், தோல் ஜமால் என்று அடையாளம் சொல்லித்தான் ஊரார் பேசுவார்கள். இவர் தோல் ஜமால். பச்சைமலையிலும் காரை என்ற ஊர்ப் பக்கத்துப் பள்ளங்களிலும் அலைந்து ஆட்டுத்தோல் வாங்கி, கொல்லையில் உப்புப் போட்டு, காயவைத்து, கட்டுக் கட்டித் திருச்சிக்கு அனுப்புகிற வியாபாரம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அவர் வருவதற்கு முன்னால் அவருடைய வாடை வந்து நிற்கும். கல்யாண வீடுகளில் அவராகவே கடைசிப் பந்தியில், கதவோரமாக உட்கார்ந்துகொள்வார்.

போர்டு பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவர். பதினாலு வயதில் அத்தா இறந்துபோக, தோல் மூட்டை தோளுக்கு வந்தது. அந்த ஐந்து வகுப்புப் படிப்பை அவர் வீணாக்கவில்லை. சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று அவரிடம் இருந்தது. போகிற வழிகளெல்லாம் அதில் இருக்கும். எந்த மரத்தடியில் திரும்ப வேண்டும், அங்கிருந்து எவ்வளவு நேர நடை, எந்தக் கிணற்றில் கயிறும் வாளியும் உண்டு, எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பது வரை. ஒவ்வொரு வருஷமும் தை மாதம் அத்தனையையும் மறுபடி நடந்து பார்த்து, வரிக்குப் பக்கத்தில் "சரி" என்று எழுதி வருஷத்தையும் போடுவார். மரம் விழுந்திருந்தால் அடித்துவிட்டு, "விழுந்தது" என்று எழுதுவார். அவர் எழுதியதில் ஒன்று தப்பு என்று யாரும் சொன்னது கிடையாது. சொல்ல இடம் கொடுத்ததும் கிடையாது. அவருக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

நாற்பத்தேழாம் வருஷம் சித்திரையில் தம்பி அப்துல் மஜீது பினாங்கிலிருந்து வந்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் அவனை நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிட்டவரே ஜமால்தான். நடுவில் ஜப்பான்காரன் சண்டை வந்து நான்கு வருஷம் கடுதாசி இல்லை. இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் அம்மா ஹலீமா பீவி தொழுகைப் பாயிலேயே கிடந்தார். அப்படிப்பட்டவன் மூன்று மாத லீவில், வெள்ளைக் கால்சட்டையும் கைக்கடிகாரமும் தலையில் வாசனை எண்ணெயுமாக வந்து இறங்கினால் வீடு என்ன ஆகும்?

ஜமாலுக்கும் சந்தோஷம்தான். முதல் நான்கு நாள் அது சுத்தமான சந்தோஷமாகவே இருந்தது. ஐந்தாம் நாள் மதியம் மீன் குழம்பு. பதினைந்து வருஷமாக நடுத்துண்டு ஜமாலுடைய தட்டில் விழுவது வழக்கம். அன்று அது மஜீதுடைய தட்டில் விழுந்தது. ஜமாலுக்கு வால்துண்டு. வந்த பிள்ளைக்கு வைப்பது நியாயம்தானே என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டார். ஆனால் மறுநாளும் கவனித்தார். அதற்கடுத்த நாளும் கவனித்தார். கவனிக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து வைக்கிற கண் அது.

ஒரு நாள் சாயங்காலம் மஜீது சொன்னான்.

"பினாங்குல லீவு வந்தா யாரும் வூட்ல படுத்துக் கெடக்க மாட்டாங்கம்மா. பொட்டலம் கட்டிக்கிட்டு மலைக்குப் போயிடுவாங்க. மேல ஏரி இருக்கும். பொம்பளைங்க, கெழவிங்க எல்லாம் வருவாங்க. தண்ணியில கால வுட்டுக்கிட்டு உக்காந்து சாப்புட்டுட்டு வருவாங்க."

"எதுக்கு?" என்றார் அம்மா.

"எதுக்கும் இல்ல. சும்மா பாக்கத்தான்."

அம்மாவுக்கு அது புரிய வெகுநேரம் பிடித்தது. சும்மா பார்ப்பதற்காக ஒரு இடத்துக்குப் போவது என்பது அந்தத் தெருவில் அதுவரை யாரும் செய்யாத காரியம்.

"நம்ம பக்கத்துல ஏது அந்த மாதிரி?" என்றாள் ஜைனம்பு. அவள் ஜமாலின் மனைவி. கட்டிக்கொண்டு வந்து பதினாலு வருஷம். பிள்ளை இல்லை.

"ஏன் மச்சி, பச்சமல இல்லையா?" என்றான் மஜீது. அண்ணன் மனைவியை மச்சி என்றுதான் அவன் கூப்பிடுவான்.

"அதுவா? அங்கதான் உங்கண்ணன் மாசத்துல பாதி நாளு கெடக்குறாரு. அங்க என்ன இருக்கப் போவுது, ஆட்டுத்தோலத் தவிர."

மூன்று பேரும் சிரித்தார்கள். கொல்லை வாசலில் உப்புச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த ஜமாலும் சிரித்து வைத்தார். பச்சைமலையில் மேல் ஏரி என்கிற ஏரியின்மேல் விடியற்காலையில் புகை மாதிரி பனி நிற்பதையும், வெயில் ஏற ஏற அது கிழிந்து கிழிந்து போவதையும், அங்கே ஒரு வழுவழுப்பான பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்பதையும் அவர் வீட்டில் சொன்னதே இல்லை. யாரும் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இரண்டே நாளில் எல்லாம் முடிவாகிவிட்டது. வண்டிக்காரர் ராசாங்கத்தின் கூண்டு வண்டி. முன்னும் பின்னும் திரை. எட்டு ஒன்பது நாள் பயணம். முதலில் பச்சைமலை ஏரிகள், அப்புறம் இறங்கி, காரைப் பக்கம் மழை அறுத்துப் போட்டிருக்கிற பெரும்பள்ளங்கள்.

"நீங்களும் வாங்கண்ணே" என்றான் மஜீது.

"நான் எங்க வர? தோலு கெடக்கு" என்றார் ஜமால்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் முதல் தடவை கூப்பிட்டதும் யாரும் வர மாட்டார்கள். சோறு போடட்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்பார்கள். மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால் உட்கார்ந்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கூப்பிடுகிறவருக்கும் இது தெரியும், வருகிறவருக்கும் தெரியும். ஜமால் சொன்ன "எங்க வர" அந்தக் கணக்கில் முதல் படி.

பத்து வருஷம் வெளிநாட்டில் இருந்த மஜீது, "சரிண்ணே, வேலை இருந்தா என்ன பண்றது" என்று திரும்பிவிட்டான். அம்மா வெற்றிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். ஜைனம்பு நிமிர்ந்து பார்த்தாள். "அவரு வர மாட்டாரு தம்பி. ஒண்ணு சொன்னா சொன்னதுதான்" என்றாள்.

ஜமால் அன்று ராத்திரிவரை காத்திருந்தார். மறுநாளும் காத்திருந்தார். இரண்டாம் தடவை யாரும் கூப்பிடவில்லை. மஜீது வேறொன்று கேட்டான்.

"வழிய மட்டும் எழுதிக் குடுத்துடுங்கண்ணே. உங்க நோட்டு இருக்கையில எனக்கு என்ன கவலை?"

பகல் தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதினார். சிவப்பு நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நல்ல தாளில், வரிக்கு வரி இலக்கம் போட்டு எழுதினார். தன்னைக் கூப்பிடாத பயணத்துக்குத் தானே வழி எழுதுகிறோம் என்ற எரிச்சல் இருந்தாலும் கை அதன் பாட்டுக்கு ஒழுங்காகவே ஓடியது. லாடபுரத்து ஏரியில் வடக்கு மதகருகே தண்ணீர் நல்லது. மலையேற்றத்தில் அம்மா நடக்க வேண்டாம், மலையில் தோல் தருகிற அய்யாக்கண்ணுவிடம் என் பெயரைச் சொன்னால் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்குவார்கள். மேல் ஏரிக்கு வெயில் ஏறுமுன் போய்ச் சேரவும், பனி பார்க்கலாம். மேற்குக் கரையில் வழுவழுப்பான பாறை, உட்கார ஏற்றது.

அந்தப் பாறையை எழுதியபோது பேனா ஒரு நிமிஷம் நின்றது. ஆனாலும் எழுதினார்.

மலை இறங்கி, பெரம்பலூர் வந்து, தெற்கே போய், கிழக்கே திரும்பினால் காரைப் பள்ளம். நாற்பத்தோராவது வரியில் பள்ளத்தின் வாய் வந்தது. அடுத்து, நோட்டில் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்ட வரி இருந்தது: "பள்ளத்துக்குள் தெளிந்த தண்ணீரைத் தொடாதே. கலங்கிய தண்ணீரே நல்லது." பதினோரு வருஷத்துக்கு முன்னால், அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததைப் பார்த்து வயிறு நிறையக் குடித்துவிட்டு, ஓர் ஆட்டுக்காரியின் கொட்டகையில் மூன்று நாள் வயிற்றாலே போய்க் கிடந்து கற்றுக்கொண்டது அது. அந்த மண்ணில் ஏதோ உப்பு. அது கலந்த இடத்தில்தான் தண்ணீர் தெளியும். பார்த்தால் சொர்க்கத்துத் தண்ணீர், குடித்தால் பேதி.

அப்போது அடுக்களையில் ஜைனம்பு சிரித்தாள். மஜீது ஏதோ சொல்லியிருக்க வேண்டும். வாய்விட்ட சிரிப்பு. இப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருக்கிறது என்பதையே ஜமால் மறந்திருந்தார்.

பேனாவை மையில் தோய்த்தார். அடுத்த வரியாக, "பள்ளத்துக்குக் கிழக்கே பனங்கூட்டம், வண்டி நிறுத்த நிழல் உண்டு" என்று எழுதினார். தாளை ஊதிக் காயவைத்து மடித்துக் கொடுத்தார்.

குடிக்கட்டும். ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். ஜமால் கூட வந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொல்லட்டும். அவ்வளவுதான் அவர் நினைத்தது.

வண்டி போனது. ஜமால் வீட்டில் தனியாக இருந்தார். சோறு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. தோலுக்கு உப்புப் போட்டார். ஆனால் மனசு வண்டியின் பின்னாலேயே போனது. மற்றவர்களுக்குப் பொறாமை வந்தால் அங்கே என்ன நடக்கிறதோ என்று குத்துமதிப்பாக வேதனைப்படுவார்கள். ஜமாலுக்கு அந்த வசதி இல்லை. எந்த நேரத்தில் எந்த மரத்தடியில் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நிழல் கொல்லைச் சுவரில் பாதி ஏறினால், இப்போது லாடபுரத்து மதகு. இப்போது கட்டிலில் அம்மா. நான்காம் நாள் காலை, இப்போது பனி. ஜைனம்பு துப்பட்டியை மடித்துப் பாறைமேல் வைத்திருப்பாள். அங்கே பார்க்க வெளியாள் யார் இருக்கிறார்கள்?

ஏழாம் நாள் மாலையில் அய்யாக்கண்ணு வந்து இறங்கினார். மலையிலிருந்து மாதம் ஒரு தடவை தோல் கொண்டுவருகிறவர். இந்தத் தடவை தோல்கட்டோடு ஒரு பெரிய பலாப்பழமும் வந்தது.

"அம்மா குடுத்துவுட்டாங்க சாயபு. ரெண்டு பழம் வாங்கி ஒண்ணு மூத்த மவனுக்குன்னாங்க."

"எப்படி இருக்காங்க?"

"அதையேன் கேக்குறீங்க. கட்டில்ல வச்சுத் தூக்கயில மொதல்ல பயந்துட்டாங்க. அப்புறம் எறக்கிவுட்டா எறங்க மாட்டேங்குறாங்க. மேலேரியில ரெண்டு அம்மாவும் தண்ணிக்குள்ள கால வுட்டுக்கிட்டு உக்காந்தவங்கதான், வெயில் உச்சிக்கு வந்தும் எந்திரிக்கல. சின்ன சாயபு இல்லேன்னா இதையெல்லாம் பாக்காமயே கண்ண மூடியிருப்பேன்னு பெரியம்மா பத்துத் தடவ சொல்லியிருப்பாங்க."

ஜமால் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தார். பழுக்க இன்னும் இரண்டு நாள் ஆகும்.

"எந்தப் பாறையில உக்காந்தாங்க?"

"நீங்க உக்காருவீங்களே, அதுலதான்."

அந்தப் பாறையைக் கண்டுபிடித்தவர் ஜமால். தாளில் எழுதிக் கொடுத்தவர் அவர். பேர் சின்ன சாயபுக்கு.

அய்யாக்கண்ணு வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "உங்க தம்பி ஒரு வேடிக்கையான ஆளு சாயபு. ஒவ்வொரு எடத்துலயும் உங்க கடுதாசியப் பாக்குறாரு, கடியாரத்தப் பாக்குறாரு, சிரிக்கிறாரு. முக்கா மணின்னு எங்கண்ணன் எழுதுனா முக்கா மணிதான், ஒரு நிமிசம் கூடல கொறையலன்னு எல்லாருகிட்டயும் காட்டுறாரு. நான் ஒரு குறுக்கு வழி சொன்னேன். கடுதாசியில இல்ல, வேண்டாம்னுட்டாரு. இத்தனைக்கும் நான் அந்த மலையிலயே பொறந்தவன்."

ஜமால் நிமிர்ந்தார்.

"எறங்கையில தண்ணிப் பானை ரெண்டுல ஒண்ணு ஒடஞ்சுபோச்சு. வேற வாங்கிக்குங்கன்னேன். எங்கண்ணன் எங்கெங்க தண்ணி இருக்குன்னு எழுதியிருக்காரு, ஒண்ணு போதும்னுட்டாரு."

பெருமையும் பயமும் ஒரே நேரத்தில் வரும் என்று ஜமால் அன்று தெரிந்துகொண்டார். நாளை எட்டாம் நாள். உச்சிப்பொழுதுக்குப் பள்ளத்தின் வாயில் இருப்பார்கள். ஒரு பானைத் தண்ணீர் அதற்குள் தீர்ந்திருக்கும். மஜீது வாலிபன், ஒரு நாள் கிடந்து எழுவான். அம்மாவுக்கு அறுபது. எழுதும்போது அம்மாவை நினைக்கவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தார். சண்டைக் காலத்திலிருந்தே ஓடுகிற கரி பஸ் அது. மேடு வந்தால் நின்றுவிடும். ஓட்டுகிறவர் இறங்கிப் பின்பக்கம் போய்க் கரியைக் கிளறுவார். பெரம்பலூர் போய்ச் சேர்வதற்குள் மூன்று தடவை கிளறினார். பெரம்பலூரில் வேறு பஸ் மாறி, பாடாலூரில் இறங்கியபோது நேரம் போய்விட்டது. அங்கிருந்து கிழக்கே இரண்டரை மணி நேர நடை என்று நோட்டில் இருந்தது. அன்று அதை ஒன்றே முக்கால் மணியில் கடந்தார். அந்த வழியில் அவருடைய நோட்டு தப்பான ஒரே நாள் அது.

காரைப் பள்ளம் தூரத்திலிருந்து தெரியாது. சமமான பொட்டல்காடு போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று காலடியில் நிலம் இல்லாமல் போகும். கீழே சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக மண்சுவர்கள், கொசுவிவைத்த புடவை மாதிரி மடிப்பு மடிப்பாக இறங்கும். அங்கங்கே கண்ணாடித் துண்டு போல ஒரு கல் வெயிலில் மின்னும். கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் காலில் இடறும். போன வாரம் பெய்த கோடைமழையில் அடியில் ஒரு குட்டை நின்றது. வானம் அப்படியே அதற்குள் கிடந்தது.

குட்டைக் கரையில் அவர்கள் இருந்தார்கள். அம்மா கல்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜைனம்பு. மஜீது காலிப் பானையை ஒருகையில் வைத்துக்கொண்டு நின்றான். எதிரே இருபது ஆடுகளோடு ஒருத்தி, இடுப்பில் கைவைத்துச் சண்டைபோடுகிற மாதிரி நின்றாள். பொன்னுத்தாய். அவளுடைய கொட்டகையில்தான் அவர் மூன்று நாள் கிடந்தது. அந்தப் பள்ளத்தில் பேச்சு சுவரில் மோதி மேலே வரும். விளிம்பில் நின்ற ஜமாலுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"என் ஆட்டப் பாரு. இந்த வெயில்ல ஒண்ணாவது வாய வெக்குதா பாரு."

"ஆடு குடிக்காட்டி என்ன ஆத்தா? நான் ரெண்டு லோட்டா குடிச்சாச்சு. கொஞ்சம் கசக்குது, அவ்வளவுதான். எங்க அண்ணன் இந்த வழிய எழுதிக் குடுத்திருக்காரு."

"இந்தத் தண்ணியக் குடின்னு எழுதியிருக்காரா?"

"குடிக்காதேன்னு எழுதல. எந்த வூட்டு நாய் கடிக்கும்னுகூட எழுதுற மனுசன், தண்ணி ஆவாதுன்னா எழுதாம வுட்டுடுவாரா? நீங்க குடிங்கம்மா."

அம்மாவின் கையில் லோட்டா இருந்தது. வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

"யாருய்யா உங்கண்ணன்?"

"லப்பைக்குடிக்காடு ஜமால் முகமது. தோல் வாங்க வருவாரு."

"தோல் சாயபா?" பொன்னுத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா எழுதுனாரு போ. இதே தண்ணியக் குடிச்சுட்டுத்தான் மூணு நாளு என் கொட்டாயில கெடந்தாரு. கஞ்சி ஊத்திப் பொழைக்க வச்சவ நானு. அவருக்குத் தெரியாதா?"

அம்மா லோட்டாவைக் கீழே வைத்தார்.

மஜீது தாளைப் பிரித்து மறுபடி பார்த்தான். மேலும் கீழும் பார்த்தான், திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அண்ணன் மறந்துட்டாரு போலருக்கு. பாவம், எவ்வளவு எழுதியிருக்காரு. ஒரு வரி மறக்கறது சகஜந்தான்."

ஜமால் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். அவர் வந்ததே யாருக்கும் தெரியாது. அம்மா குடிக்கவில்லை. தம்பி அவனாகவே ஒரு சாக்குப்போக்கையும் எடுத்து நீட்டிவிட்டான். இறங்கிவந்து, ஆமாம் மறந்துவிட்டேன், அதனால்தான் ஓடிவந்தேன் என்று சொன்னால் ஓடிவந்ததற்குப் பாராட்டுக்கூடக் கிடைத்திருக்கும்.

ஆனால் மறந்துவிட்டார் என்ற சொல் அவர் மேல் சூடு வைத்த மாதிரி விழுந்தது. இருபத்து நாலு வருஷம். ஒரு வரி மறந்தது கிடையாது. அதுவும் பாவம் என்று வேறு சொல்கிறான்.

"நான் மறக்கல" என்றார் மேலிருந்து.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஜமால் மண்சரிவில் பாதி சறுக்கிக்கொண்டே இறங்கினார். வேட்டியெல்லாம் சிவப்பு மண். மூச்சு வாங்கியது. சிவப்பு நோட்டைக் கக்கத்திலிருந்து எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்துத் தம்பியிடம் நீட்டினார்.

"இங்க இருக்கு. அடிக்கோடு போட்டிருக்கு. பாத்துக்கிட்டேதான் எழுதுனேன். தெரிஞ்சுதான் இந்த வரிய வுட்டேன்."

மஜீது வரியைப் படித்தான்.

"ஏன்டா?" என்றார் அம்மா.

ஜமாலுக்கு முப்பத்தெட்டு வயது. அந்த வயதில் இந்தப் பதிலைச் சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலே சொன்னார்.

"ஒரே ஒரு தடவதான கூப்புட்டான். ரெண்டாந்தடவ யாரும் கூப்புடலியே."

பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்கியது. அம்மா பெரிய மகனையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜைனம்பு முந்திக்கொண்டாள்.

"உங்களையாவது ஒரு தடவ கூப்புட்டாங்க. பதினாலு வருசமா நீங்க போறீங்க. மேலேரி இருக்கு, பனி இருக்கு, உக்கார நல்ல பாறை இருக்குன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கீங்க. என்னை ஒரு தடவ கூப்புட்டதுண்டா?"

அதற்கு ஜமாலுடைய நோட்டில் வரி இல்லை.

இந்த நேரத்தில் மஜீது வயிற்றில் கைவைத்தான்.

"அண்ணே, இந்தத் தண்ணி எவ்வளவு நேரத்துல வேலைய காட்டும்?"

"அரை மணி" என்றார் ஜமால். இதைச் சொல்லும்போது குரல் தானாக உறுதியாகிவிட்டது.

மஜீது கடிகாரத்தைப் பார்த்தான். "குடிச்சு இருபத்தேழு நிமிசம் ஆச்சு. அப்ப அதுவும் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பானையைக் கீழே வைத்துவிட்டு, வெள்ளைக் கால்சட்டையோடு மண்சுவருக்குப் பின்னால் ஓடினான்.

முதலில் சிரித்தவர் அம்மா. அப்புறம் ஜைனம்பு. பொன்னுத்தாய் அடக்கமாட்டாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜமாலுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றும் மறுநாளும் பொன்னுத்தாய் கொட்டகையில் மஜீது கிடந்தான். ஜமால் பக்கத்திலிருந்து மோரும் கேழ்வரகுக் கஞ்சியும் ஊற்றினார். கலங்கிய குட்டையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, தேற்றாங்கொட்டை தேய்த்துத் தெளியவைத்துக் கொடுத்தார். கோபமா என்று ஒரு தடவை கேட்டார். "கோபப்படக்கூடத் தெம்பு இல்லண்ணே" என்றான் மஜீது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு. நீங்க மறந்துட்டீங்களோன்னுதான் எனக்குப் பயமாயிடுச்சு" என்றான். பிறகு தாளையும் பென்சிலையும் எடுத்துக் கொடுத்தான். விட்ட வரியை ஜமால் ஓரத்தில் எழுதி, "சரி" என்று போட்டு, வருஷத்தையும் போட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் கதை தெருவெல்லாம் பரவியது. ஆனால் அது எப்படிப் பரவியது என்பதைத்தான் ஜமாலால் தாங்க முடியவில்லை. தெரிந்தே எழுதாமல் விட்ட அண்ணனை ஒரு வார்த்தை சொல்லாமல் மன்னித்தானே, மஜீதுக்கு என்ன மனசு பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒன்றே முக்கால் மணியில் அவர் நடந்ததை யாரும் சொல்லவில்லை. பேதியானதிலும் பேர் தம்பிக்குத்தான்.

ஆடி பிறக்குமுன் மஜீது கப்பல் ஏறினான். நடுத்துண்டு பழையபடி ஜமாலுடைய தட்டுக்கு வந்தது. அது திரும்பி வந்ததையும் அவர் கவனித்தார்.

அடுத்த வருஷம் சித்திரையில், மலைக்குக் கிளம்புகிற நாள், ஜைனம்புவிடம் போய் நின்றார்.

"நீயும் வரியா?"

"நான் எங்க வர? வேலை கெடக்கு."

ஜமால் கொல்லைக்குப் போய் ஒரு தோல்கட்டை எடுத்து, இருந்த இடத்திலேயே மறுபடி வைத்துவிட்டுத் திரும்பிவந்தார்.

"அம்மாவப் பாத்துக்கப் பக்கத்து வூட்ல சொல்லிட்டேன். வா."

"எனக்குக் கால் வலி."

"வண்டி சொல்லியிருக்கேன். வா ஜைனம்பு."

மூன்றாம் தடவை ஆனதும் அவள் துப்பட்டியை எடுத்துக்கொண்டாள்.

மேல் ஏரிக்கு வெயில் ஏறுமுன்பே போய்ச் சேர்ந்தார்கள். பனி நின்றது. ஜைனம்பு நேராக மேற்குக் கரைக்குப் போய், அந்த வழுவழுப்பான பாறையில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டாள். வெகுநேரம் பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசட்டும் என்று ஜமால் காத்திருந்தார்.

"தம்பி அன்னைக்கு என்னை இங்கதான் உக்காரச் சொல்லுச்சு" என்றாள்.

ஜமால் கொஞ்சம் தள்ளி இன்னொரு பாறையைக் காட்டி, அதில் நிழல் இதைவிட முக்கால் மணி நேரம் கூடுதலாக நிற்கும் என்று சொன்னார். உண்மைதான். அவர் பார்த்து எழுதி வைத்திருந்தார். ஜைனம்பு திரும்பிப் பார்த்து, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.